ஆர் விகுதி கேட்டு ஒரு மடல்

வைட்ஃபீல்டில் எங்கள் அடுக்ககத்திலும் அக்கம்பக்கத்திலும் குடியிருக்கும் தமிழ்க் குடும்பத்தார் அனைவருக்கும்,

நம் பொங்கல் விழா முடிந்து மூன்று வாரம் ஆகிறது. கிளப் ஹவுஸ் வாசலில் கட்டிய கரும்பை அவிழ்த்தாயிற்று. வரவு செலவுக் கணக்கையும் ஒப்படைத்தாயிற்று. மறுநாளே எழுதியிருக்க வேண்டிய மடல் இது. கோபத்தில் எழுதினால் கோபம் மட்டும்தான் உங்களை வந்து சேரும் என்று ஆறப் போட்டேன்.

விழாவில் ஒரு நகைச்சுவை நாடகம் நடந்தது. அதில் ஒரு பாத்திரம் வாயைக் கோணி, நாக்கைத் துருத்தி, மணிக்கட்டை மடக்கிக்கொண்டு, சொன்னதையே திருப்பித் திருப்பிச் சொல்லும். மேடையில் எல்லோரும் அந்தப் பாத்திரத்தை 'லூசு' என்று கூப்பிட்டார்கள். அரங்கமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த என் தம்பியும் கைதட்டிச் சிரித்தார். எல்லோரும் சிரிக்கும்போது தானும் சிரிப்பது அவருக்குப் பிடிக்கும்.

என் தம்பிக்கு 36 வயது. டவுன் சின்ட்ரோம் உள்ளவர், அதனால் அறிவுசார் குறைபாடும் உண்டு. நாடகம் நடந்து இரண்டு நாள் கழித்து லிஃப்டில் எட்டு ஒன்பது வயதுப் பையன் ஒருவன் அவரைப் பார்த்து "ஹாய் லூசு அங்கிள்" என்றான். அவன் முகத்தில் வன்மம் எதுவும் இல்லை. மேடையில் பார்த்த நடையையும் நாக்கையும் லிஃப்டில் பார்த்தான், மேடையில் கேட்ட பெயர் வாயில் வந்துவிட்டது. என் தம்பி திரும்பிப் பார்த்து, தன்னைத்தான் கூப்பிடுகிறான் என்று புரிந்துகொண்டு, கையசைத்து "ஹாய்" என்றார். அந்தப் பெயருக்கு அவர் திரும்பிப் பார்த்ததுதான் என்னை எழுத வைத்தது.

கூடப் பிறந்த தம்பியைப் போய் யாராவது 'அவர்' என்று எழுதுவார்களா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்கும் எழுதக் கை கூசத்தான் செய்கிறது. வீட்டில் அவன், வாடா, போடாதான். அது அக்கா என்ற உரிமையில் வருவது. ஆனால் முப்பத்தாறு வயது ஆண் ஒருவரைப் பற்றி வெளியாரிடம் பேசும்போது தமிழில் 'அவர்' என்றுதான் பேசுவோம். உங்கள் தம்பிகளைப் பற்றி நான் அப்படித்தான் பேசுகிறேன். என் தம்பியைப் பற்றி மட்டும் அப்படி யாரும் பேசிக் கேட்டதில்லை. ஆகவே இந்த மடல் முழுக்க அவர் 'அவர்'தான்.

பாரதிராஜாவின் '16 வயதினிலே' 1977-ல் வந்தது. அதில் கமல்ஹாசன் நடித்த பாத்திரத்தின் பெயர் என்ன என்று கேட்டால் யோசிக்காமல் சப்பாணி என்போம். அந்தப் பாத்திரத்துக்குக் கோபாலகிருஷ்ணன் என்று ஒரு பெயர் இருக்கிறது. இனி யாராவது சப்பாணி என்று கூப்பிட்டால் கன்னத்தில் அறைந்துவிடு என்று மயில் சொல்லிக் கொடுக்கிறாள். படம் பார்த்த எல்லோருக்கும் அந்தக் காட்சி நினைவிருக்கிறது. ஆனாலும் இன்றுவரை நம் வாயில் வருவது சப்பாணிதான். பட்டப்பெயர் ஒரு முறை ஒட்டிக்கொண்டால் எவ்வளவு கெட்டியாக ஒட்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

என் தம்பிக்கு ஒட்டிய முதல் பெயர் பிறந்த அன்றே ஒட்டியது. அது 1989. பிரசவம் பார்த்த ஆஸ்பத்திரியில் கொடுத்த சீட்டில் 'மங்கோல்' என்று எழுதியிருந்தார்கள். அது நோயின் பெயரா, நாட்டின் பெயரா என்று அப்பாவுக்குப் புரியவில்லை. அந்தச் சொல்லின் கதையைப் பல ஆண்டு கழித்து நான்தான் தேடிப் படித்தேன். ஜான் லாங்டன் டவுன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1866-ல் இத்தகைய குழந்தைகளின் முகச்சாயலை மங்கோலியரோடு ஒப்பிட்டு எழுதினார். மனித இனங்களை மேல் கீழ் என்று அடுக்கிவைத்த காலத்தின் பார்வை அது. 1959-ல் பிரான்சில் ஜெரோம் லெஜனும் உடன் உழைத்தவர்களும், 21ஆம் குரோமோசோம் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருப்பதுதான் காரணம் என்று காட்டினார்கள். மரபியலாளர்கள் சிலர் 1961-ல் 'லான்செட்' இதழுக்குக் கூட்டாக எழுதி, பழைய பெயரைக் கைவிடச் சொன்னார்கள். 1965-ல் மங்கோலியாவே உலக சுகாதார நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ள, அங்கே அந்தப் பெயரை நிறுத்தினார்கள். உலக சுகாதார நிறுவனம் 1965-ல் கைவிட்ட சொல் 24 ஆண்டு கழித்து எங்கள் அப்பாவின் சட்டைப்பையில் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

நம் நாட்டுச் சட்டத்தில் இருந்த சொற்களும் இதே வேகத்தில்தான் மாறின. 1912-ன் லூனசி சட்டம் 'இடியட்'டையும் மனநோயாளியையும் ஒரே கூண்டில் அடைத்தது. 1995-ன் ஊனமுற்றோர் சட்டத்தில் 'மென்டல் ரிடார்டேஷன்' இருந்தது. 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அதை விட்டுவிட்டு அறிவுசார் குறைபாடு என்ற பொருளில் புதுச் சொல்லுக்கு வந்தது. 1984-ல் செகந்திராபாத்தில் அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கெனத் தொடங்கிய தேசிய நிறுவனமும் தன் பெயரை அதற்கேற்ப மாற்றிக்கொண்டது. தமிழ்நாட்டில் கலைஞர் முதல்வராக இருந்தபோது 'ஊனமுற்றோர்' போய் 'மாற்றுத்திறனாளி' வந்தது நம் எல்லோருக்கும் தெரியும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அறிவுசார் குறைபாடு வேறு, மனநோய் வேறு. அறிவுசார் குறைபாடு என்பது கற்பதிலும் அன்றாட வேலைகளைத் தானாகச் செய்வதிலும் வளரும் பருவத்திலேயே தெரியவரும் நிலை. மருந்து கொடுத்துப் போக்குகிற காய்ச்சல் போன்றதன்று. மனநோய் எந்த வயதிலும் வரலாம், சிகிச்சையும் உண்டு. 'லூசு', 'மென்டல்' என்று இரண்டையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டும்போது இரு தரப்பாரையும் ஒரே நேரத்தில் இழிவு செய்கிறோம். "நிம்ஹான்ஸ்ல சேர்க்கணும்" என்று நம் ஊர் மனநல மருத்துவமனையின் பெயரைச் சொல்லிச் செய்யும் கிண்டலும் இதே சாக்கில் அடங்கும். அங்கே சிகிச்சைக்குப் போய்வருகிறவர் இந்த அடுக்ககத்திலேயே இருக்கலாம், அதை வெளியே சொல்ல அவருக்கு வாய் வராமல் இருக்கலாம்.

நம்மில் பாதிப் பேர் ஐடிபிஎல் சாலையில் வேலை பார்க்கிறோம். ஒழுங்காக ஓடாத நிரலை 'ரிடார்டட்' என்று சொல்வது அலுவலகங்களில் சகஜம். அமெரிக்கக் கிளையண்டுக்காக இரவில் கண்விழிக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. மேரிலாந்தில் ரோசா என்ற டவுன் சின்ட்ரோம் உள்ள சிறுமியின் பள்ளிப் பதிவில் அந்தச் சொல் இருந்தது. அவள் குடும்பம் சும்மா விடவில்லை. முதலில் அவர்கள் மாநிலச் சட்டம் மாறியது. பிறகு 2010 அக்டோபரில் ஒபாமா கையெழுத்திட்ட 'ரோசா சட்டம்' அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டங்கள் பலவற்றிலிருந்து அந்தச் சொல்லை நீக்கியது. நாம் இங்கே மீட்டிங்கில் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்கிறோம்.

'மோரான்' என்ற சொல்லை 1910-ல் கிரேக்கத்திலிருந்து எடுத்து மருத்துவச் சொல்லாக உருவாக்கியவர் ஹென்றி காடர்ட் என்ற உளவியலாளர். 'இடியட்', 'இம்பெசைல்' இரண்டும்கூட ஒரு காலத்தில் மருத்துவரின் குறிப்பேட்டில் இருந்தவை. அவை வசவாகத் தேய்ந்தபோது, நாகரிகமாக இருக்கட்டும் என்று கொண்டுவந்ததுதான் 'ரிடார்டட்'. அதுவும் வசவாயிற்று. இன்று பள்ளி வேன்களில் பிள்ளைகள் ஒருவரையொருவர் "நீ என்ன ஸ்பெஷல் சைல்டா?" என்று சீண்டிக்கொள்வதைக் காதால் கேட்டிருக்கிறேன். மனசு மாறாமல் பெயரை மட்டும் மாற்றினால் புதுப்பெயரும் ஒரு தலைமுறைக்குள் அழுக்காகிவிடும். அதனால் உங்களிடம் நான் கேட்க வந்தது இன்னொரு பெயர்ச்சொல்லை அல்ல. வினைச்சொல்லின் கடைசி எழுத்துகளைத்தான் கேட்க வந்தேன்.

தமிழில் மரியாதை விகுதியில் இருக்கிறது. 'மாற்றுத்திறனாளி' என்று பார்த்துப் பார்த்துச் சொல்கிற அதே வாய், அடுத்த நொடி "அவன் சாப்பிட்டானா?" என்று என்னைக் கேட்கிறது. என் தம்பி பக்கத்திலேயே நிற்கிறார், அவருக்குக் காது நன்றாகக் கேட்கும். ஹோட்டலில் சர்வர் எனக்கு "என்ன சாப்பிடுறீங்க மேடம்?" என்கிறார், என் தம்பியைக் காட்டி "இவனுக்கு?" என்று என்னிடமே கேட்கிறார். நான் பதில் சொல்வதற்குள் என் தம்பி "மசால் தோசை, சட்னி தனியா" என்று சொல்லிவிடுகிறார். சர்வர் அதை எழுதிக்கொள்ளாமல் என் முகத்தைப் பார்க்கிறார். நான் தலையாட்டிய பிறகுதான் எழுதுகிறார். சென்ற ஆண்டு நம் பூங்காவில் ஒரு பெரியம்மா, மிகுந்த அன்போடுதான், என் கையைப் பிடித்துக்கொண்டு "இது தானா குளிச்சுக்குமா?" என்று கேட்டார். 'இது' என்றார். உயர்திணை, அஃறிணை என்று உலகத்தையே இரண்டாகப் பிரித்து, மனிதரை உயர்திணையில் வைத்த மொழி நம்முடையது. என் தம்பி அந்த ஒரு சொல்லில் திணை மாறிப் போனார்.

பழங்காலத்தில் எல்லாம் நன்றாக இருந்தது என்று நான் சொல்ல வரவில்லை. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் நலங்கிள்ளிக்குச் சொன்ன புறநானூற்றுப் பாடலில் மனிதப் பிறப்பின் எட்டு வகைக் குறைகள் வரிசையாக வருகின்றன. அறிவு மயங்கியவர்களை 'மருள்' என்ற ஒரே சொல்லால் அங்கே குறிக்கிறார்கள். குறை மட்டும் பெயராக நிற்கிறது, ஆள் இல்லை. ஆனால் அதே பழமையில் தொல்காப்பியமும் இருக்கிறது. ஒருவரைப் பன்மையால் சொல்வது இலக்கணப்படி அமைந்தது ஆகாது, உலக வழக்கில் உயர்வு கருதி அப்படிச் சொல்கிறார்கள் என்று அது பதிவு செய்கிறது. இதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு மனம் நிறைகிறது. 'அவர்' என்ற மரியாதையை இலக்கணம் நமக்குக் கொடுக்கவில்லை. ஒரு மனிதரை உயர்த்த வேண்டும் என்று மக்கள் தாங்களாகவே பேசிப் பேசி உண்டாக்கினார்கள். பேச்சில் பிறந்ததை என் தம்பிக்கும் பேச்சிலேயே கொடுத்துவிடலாம், சட்டமும் கமிட்டியும் வேண்டியதில்லை.

நம் கேட்டில் இரவுப் பணியில் இருக்கும் கன்னடக்காரக் காவலாளி இதைச் சொல்லிக் கொடுக்காமலே செய்கிறார். பணி முடிந்து கிளம்பும் வேளையில் என் தம்பி கீழே இறங்குவார். காவலாளி "ஹேகித்தீரா சார்?", அதாவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு நிற்பார். என் தம்பி பதில் சொல்லச் சற்று நேரம் எடுக்கும். காலையில் சாப்பிட்டது, அணிந்திருக்கும் சட்டையின் நிறம், மெட்ரோவில் இன்று கடக்கப்போகும் நிலையங்கள் என்று வரிசையாகச் சொல்வார். காடுகோடியில் ஏறினால் ஹோப்ஃபார்ம், காடுகோடி ட்ரீ பார்க், பட்டந்தூர் அக்ரஹாரா, ஸ்ரீ சத்ய சாய் ஹாஸ்பிடல், நல்லூர்ஹள்ளி, குந்தலஹள்ளி என்று ஒன்று விடாமல் அவருக்கு வரும். காவலாளி முழுவதையும் கேட்பார். கன்னடத்திலும் மரியாதை வினையின் முடிவில்தான் இருக்கிறது. அந்த 'ஈரா'வைக் கேட்கும்போது என் தம்பி முதுகை நிமிர்த்துவதை நான் ஒவ்வொரு முறையும் பால்கனியிலிருந்து பார்க்கிறேன்.

நம்மவர்கள் பலர் அன்பினாலேயே செய்யும் ஒரு தவறு உண்டு. "குழந்தை மாதிரி", "தெய்வக் குழந்தை" என்கிறார்கள். என் தம்பி குழந்தையில்லை. சவரம் செய்துகொள்கிறார், வாரம் மூன்று நாள் காகிதப் பை செய்யும் கூடத்தில் வேலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறார், ரஜினி பெரியவரா விஜய் பெரியவரா என்று சண்டை போடுகிறார். மணிரத்னத்தின் 'அஞ்சலி' 1990-ல் வந்தபோது தமிழ்நாடே அழுதது. அதுவும் நம்மைப் போல ஓர் அடுக்ககத்தில் நடக்கும் கதைதான். அக்கம்பக்கத்தார் அறிவுசார் குறைபாடுள்ள ஒரு குழந்தையை ஒதுக்குகிறார்கள், மெல்ல மெல்ல ஏற்றுக்கொள்கிறார்கள், பிறகு அவள் இறந்துபோகிறாள். சின்னஞ்சிறு குழந்தையாகவே இறந்துபோகிறவளுக்காக அழ நமக்குத் தெரிகிறது. அவள் இறக்காமல் வளர்ந்து, தலை நரைத்து, லிஃப்டில் நம் பக்கத்தில் நின்றால் என்ன பேசுவது என்று எந்தப் படமும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

'பாவம்' என்ற சொல்லையும் விட்டுவிடுங்கள் என்று கேட்கிறேன். அதன் பின்னால் "எந்த ஜென்மத்துப் பாவமோ" ஒளிந்திருக்கிறது. 2024-ல் சென்னை அசோக் நகர் அரசுப் பெண்கள் பள்ளியில் மகாவிஷ்ணு என்ற பேச்சாளர், உடல் குறையோடு பிறப்பதற்கு முற்பிறவி வினை காரணம் என்று மாணவிகளிடம் பேசினார். பார்வையற்ற தமிழாசிரியர் ஒருவர் அங்கேயே எழுந்து எதிர்த்துக் கேட்டார். பேச்சாளர் செப்டம்பரில் கைதானார். கைதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அந்த ஆசிரியர் எழுந்து நின்றதுதான். என் அம்மாவிடம் இதே பேச்சைச் சொந்தக்காரர்கள் முப்பது ஆண்டு பேசினார்கள். அம்மா ஒரு முறைகூட எழுந்து பதில் சொன்னதில்லை. அடுப்படிக்குப் போய்விடுவார்.

நாங்கள் கோலார் தங்கவயல்காரர்கள். அப்பா சுரங்கத் தொழிலாளி. 2001-ல் சுரங்கம் மூடியபின் மாரிகுப்பம் ரயிலில் தினமும் பெங்களூருக்கு வேலைக்குப் போய்வந்தார், பிறகு குடும்பமே வைட்ஃபீல்டுக்கு வந்துவிட்டது. தங்கவயலில் எங்கள் தொழிலாளர் குடியிருப்பு லைனில் என் தம்பியை 'மண்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். அது தவறு, இன்றும் அதை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அதே லைனில் அவருக்கு வேலை இருந்தது. கடைக்கு அனுப்புவார்கள், மாதா கோயில் திருவிழாவில் மெழுகுவத்திப் பெட்டியைத் தூக்கக் கொடுப்பார்கள், கபடியில் கோட்டுக்கு வெளியே நின்று எண்ணச் சொல்வார்கள். இங்கே யாரும் 'மண்டு' என்பதில்லை. நாகரிகமாக 'ஸ்பெஷல்' என்கிறோம், பிறகு எந்தப் பட்டியலிலும் அவர் பெயரைச் சேர்ப்பதில்லை. ஆறு ஆண்டாக இந்த அடுக்ககத்தில் இருக்கிறோம். ஒரு பிறந்தநாளுக்குக்கூட அவருக்கென்று அழைப்பு வந்ததில்லை. எது கொடுமை என்று கேட்டால் இரண்டுமே என்பேன். அங்கே இருந்த இடமும், இங்கே இருக்க வேண்டிய மரியாதையும் ஒருசேர அவருக்குக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

"விளையாட்டுக்குச் சொன்னது, இதற்குமா?" என்று நாடகம் போட்ட தம்பிகள் கேட்கலாம். நகைச்சுவை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், என் தம்பியைப் போல் சிரிக்க ஆசைப்படுகிறவர் இந்தக் கட்டடத்தில் இல்லை. மாற்றுத்திறனாளிகளை இழிவாகக் காட்டுகிறது என்று 'ஆங்க் மிச்சோலி' என்ற இந்திப் படத்தை எதிர்த்து நிபுண் மல்ஹோத்ரா தொடுத்த வழக்கில் 2024 ஜூலை 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அப்போதைய தலைமை நீதிபதி சந்திரசூட்டும் நீதிபதி பர்திவாலாவும் படத்தை வெட்டச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு வகை நகைச்சுவையைப் பிரித்துக் காட்டினார்கள். மாற்றுத்திறனாளிகளைத் தாழ்த்திச் சிரிக்க வைப்பது ஒன்று. அவர்களைப் பற்றி ஊர் வைத்திருக்கும் தப்பெண்ணத்தை உடைத்துச் சிரிக்க வைப்பது மற்றொன்று. நம் கிளப் ஹவுஸ் மேடைக்கும் அந்த அளவுகோல் போதும். பொது இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை என்று 2016 சட்டத்தின் 92ஆம் பிரிவு சொல்கிறது. அதை உங்கள் மீது ஏவுவதற்காக இதை எழுதவில்லை. நாடறிந்த குற்றம் இது, நம் வீட்டுக்குள் மட்டும் வேடிக்கையாக இருக்கிறது என்று காட்டத்தான் எழுதுகிறேன்.

நாம் குடியிருக்கும் ஊரின் பெயரையே பாருங்கள். 1882-ல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் யூரேசியர், ஆங்கிலோ இந்தியர் சங்கத்துக்கு 3,900 ஏக்கர் கொடுத்தார். மெட்ராஸில் அந்தச் சங்கத்தை நடத்திய டி.எஸ். ஒயிட்டின் பெயரால் இது வைட்ஃபீல்ட் ஆனது. 'அரைச்சாதி' என்ற பொருளில் ஊரார் கூப்பிட்ட வசவைக் கேட்டுக் கேட்டு மனம் நொந்தவர்கள் அவர்கள். எங்களை எப்படி அழைப்பது என்று நாங்கள் சொல்கிறோம் என்று விடாமல் கேட்டார்கள். 1911-ல் அரசு அவர்கள் கேட்ட பெயரை ஏற்றுக்கொண்டது. இந்த ஊரை உருவாக்கியவர்கள், சரியான பெயரால் கூப்பிடுங்கள் என்று கேட்டவர்கள்தான்.

அந்தப் பையனின் பெற்றோருக்கு: அவனைத் திட்டாதீர்கள், அடிக்காதீர்கள். லிஃப்டில் என் தம்பியிடம் பெயர் கேட்கச் சொல்லுங்கள். இந்த மடலில் அவர் பெயரை நான் எழுதவில்லை, அதைச் சொல்லும் உரிமை அவருடையது. கேட்டால் இனிஷியலோடு சொல்வார். நாடகக் குழுவினருக்கு: அடுத்த பொங்கலுக்கு எழுதும் நாடகத்தில் அவருக்கு ஒரு பாத்திரம் கொடுங்கள். மூன்று நான்கு வரி வசனம் அவரால் பாடம் செய்ய முடியும், ஒத்திகைக்கு நேரம் தவறாமல் வருவார். மற்ற எல்லோருக்கும்: திங்கள், புதன், வெள்ளி காலை எட்டேகால் மணிக்கு அவர் பி பிளாக் லிஃப்டில் இறங்கி வேலைக்குப் போவார். "எப்படி இருக்கீங்க?" என்று அவரைப் பார்த்துக் கேளுங்கள், என்னைப் பார்த்து வேண்டாம். பதில் வரச் சற்று நேரமாகும். அதுவரை நில்லுங்கள்.

இப்படிக்கு,
பி பிளாக்கில் அவரோடு குடியிருக்கும் அவருடைய அக்கா